பிஞ்சுக் கண்ணில் புரை!

பேச்சிப்பாறை என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? கன்னியாகுமரிப் பக்கம் போய் வந்தவர்களானால், மலைகளின் மடியில் பரந்து கிடக்கும் நீர்த்தேக்கமும் அதைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களும் கண்முன் வந்து நிற்கும். நாகர்கோவிலிலிருந்து சுமார் 43 கிலோமீட்டர். திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில், 1897-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்த அணை அது. கட்டிய என்ஜினீயர் மிஞ்சின் துரையின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.

நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு இந்த அணைதான் தாய். கன்னிப்பூ, கும்பப்பூ என்று ஆண்டுக்கு இரண்டு போகம் நெல். கன்னிப்பூவுக்கு ஜூன் மாதம் அணையைத் திறப்பது வழக்கம். வேண்டிய நாளில் தண்ணீர் வந்தால்தான் விளைச்சல். நாற்று கருகிய பிறகு அணை நிரம்பி வழிந்து யாருக்கு என்ன லாபம்?

குழந்தைகளின் கண்ணைப் பற்றிய கட்டுரையில் அணைக்கட்டுக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? காரணத்தோடுதான் சொல்கிறேன். பிறந்த குழந்தையின் பார்வையும் அப்படிப்பட்ட பயிர்தான். அதற்கு ஒளிதான் தண்ணீர். அந்த ஒளி பருவத்தில் பாய வேண்டும். தவறினால், பிறகு எவ்வளவு பாய்ந்தாலும் முழு விளைச்சல் கிடைக்காது.

குழந்தைக்குமா புரை?

கண்புரை என்றால் தாத்தா பாட்டிக்கு வருவது என்றுதான் நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ஆனால் சில குழந்தைகள் பிறக்கும்போதே புரையோடு பிறக்கின்றன. கண்மணிக்குப் பின்னால் இருக்கிற லென்ஸ் பளிங்குபோல் தெளிவாக இருக்க வேண்டியது. அது கலங்கி, பாலாடை படிந்தாற்போல் வெளுத்திருக்கும். “கண்ணில் பூ விழுந்திருக்கிறது” என்று பெரியவர்கள் சொல்லுகிற வெண்மைகளில் இதுவும் ஒன்று.

தாத்தாவின் புரைக்கும் பேரனின் புரைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தாத்தா காத்திருக்கலாம். “பேத்தி கல்யாணம் முடியட்டும், தீபாவளி போகட்டும்” என்று ஆறு மாதம் தள்ளிப் போட்டாலும், புரையை எடுத்தவுடன் பழைய பார்வை பெரும்பாலும் திரும்பிவிடும். ஏனென்றால், அவர் மூளை பார்க்கக் கற்றுக்கொண்டு அறுபது வருஷமாகிவிட்டது. பச்சைக் குழந்தையின் மூளை இனிமேல்தான் அந்தப் பாடத்தைக் கற்க வேண்டும்.

அமெரிக்க விஞ்ஞானிகளான ஹ்யூபலும் வீசலும் 1960-களில் பூனைக்குட்டிகளை வைத்து இதைக் கண்டுபிடித்தார்கள். பிறந்த சில வாரங்களில் ஒரு கண்ணை மூடி வைத்துப் பிறகு திறந்தால், கண் நன்றாகவே இருந்தது. ஆனால் மூளை அந்தக் கண்ணைப் பொருட்படுத்தவில்லை! வளர்ந்த பூனைக்கு அவ்வாறே செய்தபோது ஒரு கெடுதலும் இல்லை. இந்த ஆராய்ச்சிக்காக 1981-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவேதான் டாக்டர்கள் வாரக் கணக்குச் சொல்லுகிறார்கள். ஒரு கண்ணில் மட்டும் அடர்த்தியான புரையென்றால் சுமார் ஆறு வாரத்திலும், இரண்டு கண்களிலும் என்றால் எட்டுப் பத்து வாரத்துக்குள்ளும் ரண சிகிச்சை செய்துவிடுவது உத்தமம். பார்வையை மறைக்காத சிறு புள்ளியானால் சிகிச்சை இல்லாமல் கவனித்துக்கொண்டிருந்தாலே போதும். ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் கண் டாக்டர். பக்கத்து வீட்டு மாமி அல்ல!

வாரங்களை விழுங்குவது எது?

பேச்சிப்பாறை மலையில் காணிக்காரர் குடியிருப்புகள் சில, அணை நீரைத் தோணியில் கடந்துதான் ரோட்டுக்கு வர வேண்டிய இடத்தில் இருக்கின்றன. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகும் பெண் விடியுமுன் எழுந்து புறப்பட வேண்டும். அப்படிப்பட்ட ஒரு தாய்க்கு, கைக்குழந்தையோடு ஒரு நாள் பயணம் என்றால் ஒரு நாள் கூலி போயிற்று என்று அர்த்தம். ஆறு வாரம் ஓடிவிடுவதில் ஆச்சரியம் என்ன?

பட்டணத்தில் இருக்கும் நமக்கோ அடுத்த தெருவிலேயே ஆஸ்பத்திரி. ஆனாலும் நம் வீடுகளிலும் வாரங்கள் கழிந்துதான் போகின்றன. “நாற்பது நாள் கழியாமல் குழந்தையை வெளியே எடுக்காதே” என்பார் ஒருவர். “வளர்ந்தால் சரியாய்ப் போகும்” என்பார் இன்னொருவர். “கண்ணில் தாய்ப்பால் விடு” என்பார் மூன்றாமவர். தாய்ப்பால் குழந்தையின் வயிற்றுக்கு அமிர்தம், கண்ணுக்கு மருந்தல்ல. பச்சிலைச் சாறும் கூடாது. எந்தச் சொட்டு மருந்தும் புரையைக் கரைக்காது.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று: “கிரகணத்தில் வெளியே வந்தாளோ என்னவோ!” என்று தாயின் தலையில் பழியைப் போடுவது. சகோதரிகளே, கிரகணத்தால் கண்ணில் புரை வராது. பரம்பரையால் வரலாம்; கர்ப்பத்தில் தாக்கும் சில நோய்களால் வரலாம்; காரணமே தெரியாமலும் வரலாம். தாயைக் குற்றவாளியாக நிறுத்தினால் அவள் குழந்தையின் கண்ணை மறைக்கப் பார்ப்பாள். நஷ்டம் யாருக்கு?

தாய்மார் பேச்சில் கிடைத்த துப்பு

புரைக்கு ஒரு முக்கியக் காரணம் வெளிவந்ததே தாய்மார்களின் பேச்சினால்தான் என்று சொல்லுவார்கள். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்துக் கண் டாக்டர் நார்மன் கிரெக்கிடம் புரையோடு பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து வந்தன. காத்திருந்த தாய்மார்கள் தங்களுக்குள், “கர்ப்பமாயிருந்தபோது எனக்கு ஜெர்மன் அம்மை வந்தது”, “எனக்கும்தான்” என்று பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்ததாம். அவர் துருவி ஆராய்ந்து, 78 குழந்தைகளைப் பற்றிய விவரத்தை 1941-ல் வெளியிட்டார். ருபெல்லா என்னும் அந்த அம்மை தாயை இரண்டு நாள் லேசாக வாட்டிவிட்டுப் போய்விடும். வயிற்றிலிருக்கும் சிசுவின் கண், காது, இருதயம் மூன்றையும் கெடுத்துவிடும்.

நம் ஊர்க் கதையும் அதுவேதான். டாக்டர் வெங்கடசாமி 1976-ல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில், புரையோடு வந்த குழந்தைகளை ஆராய்ந்து 1996-ல் ஒரு கட்டுரை வெளியானது. ஒரு வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய நாலில் ஒரு குழந்தைக்கு ருபெல்லாவே காரணம் என்று அது சொல்லிற்று.

இதைத் தடுக்க ஊசி இருக்கிறது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ருபெல்லா ஊசி இயக்கத்தை இந்தியாவில் முதலில் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. குழந்தைக்கு ஒன்பதாம் மாதத்திலும், ஒன்றரை வயதையொட்டியும் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகப் போடுகிறார்கள். கல்யாணத்துக்கு நிற்கும் பெண் இருந்தால், இந்த ஊசி போட்டாயிற்றா என்று விசாரித்துவிடுங்கள். கர்ப்பமான பிறகு போடக்கூடாது.

பாதி வேலை டாக்டருக்கு, பாதி வேலை அம்மாவுக்கு

ரண சிகிச்சை என்றதும் மனம் பதறத்தான் செய்யும். குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து, கண்ணில் மிகச் சிறிய துவாரம் செய்து, கலங்கிய லென்ஸை உறிஞ்சி எடுக்கிறார்கள். முதியவர்களின் லென்ஸைப்போல் கெட்டியாக இராமல் குழந்தையின் லென்ஸ் மிருதுவாக இருப்பதால் இது சாத்தியமாகிறது. மிகச் சிறு குழந்தைகளுக்குச் செயற்கை லென்ஸை உடனே வைக்காமல், கண் வளர்ந்த பிறகு வைப்பதே பெரும்பாலும் வழக்கம்.

அதுவரையில்? கனமான மூக்குக் கண்ணாடி, அல்லது காண்டாக்ட் லென்ஸ். இங்கேதான் அம்மாவின் வேலை ஆரம்பமாகிறது. மூன்று மாதக் குழந்தை கண்ணாடியைப் பிடுங்கி எறியும். ஒன்பது தரம் எறிந்தால் பத்தாம் தரமும் மாட்ட வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் புரை இருந்ததென்றால், நல்ல கண்ணைத் தினம் சில மணி நேரம் ஒட்டுப் போட்டு மூட வேண்டும். அப்போதுதான் சோம்பிய கண் வேலை செய்யும். குழந்தை அழும். பார்க்கிறவர்கள், “பாவம், நல்ல கண்ணையும் ஏன் மூடுகிறாய்?” என்பார்கள். மனத்தைக் கல்லாக்கிக்கொள்ளத்தான் வேண்டும். கண்ணில் அழுத்தம் கூடிவிடாமல் இருக்கிறதா என்று வருஷக்கணக்கில் பரிசோதனைக்குப் போவதும் அவசியம்.

பருவம் தப்பியவர்களுக்கு ஒன்றுமே இல்லையா? உண்டு. அமெரிக்காவில் மூளை ஆராய்ச்சி செய்யும் பவன் சின்ஹா என்ற இந்தியர், டில்லியிலுள்ள ஷ்ராஃப் கண் ஆஸ்பத்திரியின் துணையோடு, எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் பார்வை கிடைக்க ஏற்பாடு செய்தார். கையால் தடவி அறிந்த பொம்மையைக் கண்ணால் பார்த்து அவர்களால் முதலில் அடையாளம் சொல்ல முடியவில்லை. சில நாட்களிலேயே சொல்லத் தொடங்கினார்கள்! 2011-ல் வெளியான செய்தி இது. பார்வை நுட்பமாக அமையாவிட்டாலும், வழி நடக்கவும் முகம் அறியவும் உதவுகிற அளவு கிடைக்கிறது. ஆகையால், வயதாகிவிட்டதே என்று யாரையும் விட்டுவிட வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது

உங்கள் வீட்டில் குழந்தை பிறந்தால், அதன் இரண்டு கண்மணிகளையும் நிதானமாகப் பாருங்கள். கறுப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்தோ சாம்பல் நிறமாகவோ இருந்தால், போட்டோவில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாய் மின்னினால், இரண்டு மூன்று மாதமாகியும் குழந்தை உங்கள் முகத்தைப் பார்க்காவிட்டால், விழிகள் நிலையில்லாமல் ஆடினால், மாறுகண் தெரிந்தால் அன்றைக்கே புறப்படுங்கள். வெண்மையாய்த் தெரிவதெல்லாம் புரையும் அல்ல. கண்ணில் உண்டாகும் புற்றுநோயும் அப்படித் தோன்றலாம். அது உயிருக்கே ஆபத்து. குடும்பத்தில் யாருக்காவது சிறு வயதிலேயே புரை இருந்திருந்தால், பிறந்த உடனேயே குழந்தையின் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

பணத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. சென்னை எழும்பூரில், 1819-ல் தொடங்கப்பட்ட அரசாங்கக் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. தென்கோடியில் உள்ளவர்களுக்கு திருநெல்வேலியிலேயே அரவிந்த் கண் ஆஸ்பத்திரி உண்டு. 2013-ல் தொடங்கிய குழந்தைகள் ஆரோக்கியத் திட்டத்தில், பிறவிக் கண்புரையும் கவனிக்கப்பட வேண்டிய குறைகளில் ஒன்று. அங்கன்வாடிக்கு வரும் டாக்டர் குழுவிடம் சொன்னால் மேல் சிகிச்சைக்கு வழி செய்வார்கள்.

உங்கள் வீட்டில் வேலை செய்கிற பெண்ணுக்கு, எதிர்வீட்டு மருமகளுக்கு, ஊரிலிருக்கும் தங்கைக்குக் குழந்தை பிறந்தால் பார்க்கப் போவீர்கள் அல்லவா? யார் ஜாடை என்று கேட்குமுன், அதன் கண்களை ஒரு தரம் உற்றுப் பாருங்கள். சந்தேகம் தோன்றினால் தயங்காமல் சொல்லுங்கள். முடிந்தால் ஆஸ்பத்திரிக்குத் துணையாகவும் போங்கள்.