சோற்றுக் கை மீளும் வழி

விழும்போது கையை ஊன்றுவதால், முன்கையின் இரு எலும்புகளில் கட்டைவிரல் பக்கம் அமைந்த ரேடியஸ் மணிக்கட்டை ஒட்டி முறிவது, குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களிடம், மிகுதியாகக் காணப்படும் எலும்பு முறிவுகளுள் ஒன்றாகும். 1814-இல் டப்ளின் நகர அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் விவரித்த வகை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. விலகிய முறிவுகள் பலவற்றுக்கு இப்போது உள்ளங்கைப் பக்கமாக உலோகத் தகடு பொருத்தப்படுகிறது. திருகுகள் தகட்டோடே பூட்டிக்கொண்டு எலும்பை நிலையாகப் பிடித்துக்கொள்வதால், மணிக்கட்டை இரண்டு வாரங்களுக்குள்ளேயே அசைக்க மருத்துவர்கள் பலர் இசைகின்றனர்.

இசைவு கிடைத்தும் கை அசைவதில்லை என்பதே பல வீடுகளின் நிலை. வீக்கமும், தழும்பு தசைநாண்களோடு ஒட்டிக்கொள்வதும் இதற்குக் காரணமாவது போலவே, உள்ளே தகடு இருக்கிறது என்ற அச்சமும் காரணமாகிறது. நாளுக்கு மூன்று வேளை பயிற்சி செய்துவிட்டு எஞ்சிய நேரமெல்லாம் கையைக் கழுத்துப் பட்டையில் தொங்கவிட்டால், விரல்களோடு முழங்கையும் தோளும்கூட இறுகிப்போகும். குறை பயிற்சியில் இல்லை. பயிற்சிக்கு வெளியே கழியும் பொழுதில் இருக்கிறது. அந்தப் பொழுதை அன்றாடச் செயல்களால் நிரப்புவதே ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் செயல்வழிச் சிகிச்சையின் அடிப்படை. 1917-இல் அமெரிக்காவின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸில் சங்கமாக உருப்பெற்ற இத்துறைக்கு, 1950-இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்.

பித்தான் போடுபவரின் கவனம் மணிக்கட்டில் இருப்பதில்லை, பித்தானில் இருக்கிறது. எண்ணிச் செய்யும் பயிற்சியில் முரண்டும் மூட்டு அப்போது தானாக வளைந்துவிடுவதுண்டு. மேலும், வீட்டுப் புழக்கத்துக்கு மூட்டின் முழு வீச்சும் தேவையில்லை: நலமான மணிக்கட்டு இரு பக்கமும் ஏறத்தாழ 70 பாகைக்கு மேல் வளையக்கூடியதாயினும், உள்பக்கம் 40, புறப்பக்கம் 40 பாகை இருந்தாலே பெரும்பாலான வேலைகள் நடக்கும் என 1991-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு அளந்து காட்டியது.

இவ்வகையில் கையால் உண்பது தனிச் சிறப்புடையது. சோற்றைப் பிசையும்போது உள்ளங்கை தட்டை நோக்கிக் கவிழ்கிறது. கவளத்தை வாய்க்குக் கொண்டு செல்கையில் முன்கை சுழன்று உள்ளங்கை முகத்தை நோக்கித் திரும்புகிறது. விரல்கள் ஐந்தும் குவிந்து விரிகின்றன. முறிவுக்குப் பின் மீள்வதற்குப் பெரிதும் அடம்பிடிப்பது உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும் இந்தச் சுழற்சிதான். காயம் மூடி, தையல் பிரித்த பிறகும் கரண்டியைப் பிடித்துக்கொண்டிருப்பவர், அறியாமலே நல்லதொரு மருந்தைத் தள்ளிவைக்கிறார். கோயிலில் தீர்த்தம் வாங்கக் கையேந்துவதும் இதே அசைவே. அப்போது முழங்கையை விலாவோடு ஒட்டி வைக்காவிட்டால், தோள் குறுக்கே புகுந்து முன்கையின் வேலையைச் செய்துவிடும்.

தொடக்க வாரங்களில் பூத்தொடுத்தல், கீரை ஆய்தல், துணி மடித்தல் போன்ற பாரமற்ற வேலைகளே போதும். எலும்பு கூடியதை எக்ஸ்ரே உறுதிப்படுத்திய பின்னரே, பெரும்பாலும் ஆறு வாரங்களை ஒட்டி, சப்பாத்தி மாவு பிசைவது போன்ற வேலைகளைத் தொடங்கலாம். ஈரப் புடவை பிழிவதும் நிறைகுடம் தூக்குவதும் அதற்கும் பிந்தியவை. செயலுக்குப் பின் சற்று நேரத்தில் அடங்கும் வலி இயல்பானது. மறுநாளும் வீக்கத்தோடு நீடித்தால் வேலையைக் குறைக்க வேண்டும். விரல்கள் மரத்துப்போனாலோ, கட்டைவிரல் நுனி திடீரென மடங்க மறுத்தாலோ, பொறுக்க முடியாத எரிச்சலோடு கை நிறம் மாறினாலோ அறுவை மருத்துவரிடம் உடனே காட்டுவது அவசியம். தகட்டில் உரசித் தசைநாண் அறுவதும் அரிதாக நிகழ்கிறது.

தரையில் அமர்ந்து எழும் பழக்கமுள்ளோருக்குக் கையூன்றி எழுவதே இறுதிக் கட்டம். உடல் எடை முழுவதும் பின்னோக்கி வளைந்த மணிக்கட்டில் இறங்குவதால், முதலில் சுவரிலும் பிறகு மேசை விளிம்பிலும் உள்ளங்கையை அழுத்திப் பழகி, மருத்துவர் ஒப்பிய பின்னரே தரைக்கு வருவது முறை.