பழைய வண்டி வைத்திருப்பது குற்றமல்ல

அல்சூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து பெட்ரோல் பங்க்கில் எமிஷன் டெஸ்ட் எடுக்கும் தம்பி, என் 1997-ம் வருடத்து மாருதி 800-ன் சைலன்சரில் குழாயைச் செருகிவிட்டுத் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். கார்பன் மோனாக்சைடு 4.3 சதவீதம். 2000-க்கு முந்தைய கார்களுக்கு 3 வரைதான் அனுமதி. "பதினஞ்சு வருஷம் தாண்டினா எப்படியும் குஜரிக்குத்தான் சார் போகணும். கவர்ன்மென்டே பிடிச்சுட்டுப் போயிடும். இப்பவே போட்டுட்டா நாலு காசாவது வரும்" என்றான். காயலான் கடையைத்தான் இங்கே குஜரி என்பார்கள். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பெங்களூரில் பலரும் இதை அப்படியே நம்புகிறார்கள். அந்தப் பயத்தைக் காட்டியே நல்ல வண்டிகளை அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

சட்டத்தில் அப்படி இல்லை. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-ம் பிரிவுப்படி, சொந்த உபயோகக் காரின் ஆர்.சி. 15 வருடம் செல்லும். பிறகு ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டி, தகுதியாக இருந்தால் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். இத்தனை முறைதான் என்று வரம்பு கிடையாது. படிவம் 25-ஐக் காலாவதித் தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே கொடுக்கலாம். கட்டணம்தான் கடுமையாக ஏறிவிட்டது. 2022 ஏப்ரலில் காருக்கு 5,000 ரூபாய் ஆக்கினார்கள். 2025 ஆகஸ்டில் 20 வயது தாண்டிய கார்களுக்கு அதையும் 10,000 ஆக்கிவிட்டார்கள். பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டியும் பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடக்கூடாது என்ற தடையை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதி செய்தது டெல்லிக்கும் அதைச் சுற்றிய தலைநகர் வட்டாரத்துக்கும் மட்டும்தான். 2025-ல் அங்கேயே அதைத் தளர்த்தினார்கள். பெங்களூருக்கு அந்தத் தடை எப்போதும் இருந்ததில்லை.

ஆனால் ஆர்.சி. தேதியைத் தவறவிட்டு வண்டியை ரோட்டில் எடுப்பது பெரிய ஆபத்து. அபராதத்தோடு போகிற விஷயம் இல்லை அது. தற்காலிகப் பதிவு காலாவதியான கார் ஒன்று திருடுபோன வழக்கில், இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீடு தர வேண்டியதில்லை என்று 2021-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எமிஷன் சான்றிதழின் தேதியையும் தவறவிடக் கூடாது. பாரத் ஸ்டேஜ் எனும் புகைத் தரத்தில் பி.எஸ். 3 வரையிலான வண்டிகளுக்கு ஆறு மாதம், பி.எஸ். 4-க்கும் 6-க்கும் ஒரு வருடம். இல்லாவிட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடமுண்டு.

சரி, அந்த 4.3-க்கு வருவோம். கார்பன் மோனாக்சைடு ஏறினால் எஞ்சினுக்குள் பெட்ரோல் கூடுதலாக, காற்று குறைவாகப் போகிறது என்று பொருள். கேரேஜுக்கு ஓடும் முன் வீட்டிலேயே பார்க்கக்கூடிய விஷயம் இது. எஞ்சினை நன்றாக ஆறவிட்டு, மூன்று பிளக்கையும் கழற்றி, சிலிண்டர் வரிசை மாறாமல் பழைய பேப்பர் மேல் வைத்தேன். பிளக்கின் முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் எரிவது சரி. சுண்ணாம்பு வெளுப்பு என்றால் காற்று கூடுதல், சூடும் கூடுதல். ஈரமாக, பிசுபிசுப்பாகக் கறுத்திருந்தால் ஆயில் மேலே ஏறுகிறது. என்னுடைய மூன்றிலும் விரலில் ஒட்டும் உலர்ந்த கரி, அடுப்புப் பாத்திரத்தின் அடிபோல. ஒரு பிளக்கில் மட்டும் என்றால் அந்த சிலிண்டரில் கோளாறு. மூன்றிலும் ஒரே மாதிரி என்பதால் கோளாறு பொதுவான இடத்தில், அதாவது ஏர் ஃபில்டரிலோ கார்புரேட்டரிலோ.

ஃபில்டரை வெயிலுக்கு நேரே பிடித்தேன், வெளிச்சமே வரவில்லை. அதன் கீழே கார்புரேட்டரின் வாயில் காற்றைக் குறைக்கும் சோக் தகடு, டாஷ்போர்டில் குமிழை முழுக்க உள்ளே தள்ளிய பிறகும் நேராக நிற்காமல் சாய்ந்தே கிடந்தது. கேபிள் துருவில் சிக்கியிருந்தது. டிசம்பர் குளிரில் காலையில் இழுத்த சோக், மாதக்கணக்கில் முழுக்கத் திரும்பவே இல்லை. கேபிளுக்கு எண்ணெய் விட்டு, பிளக்குகளைத் துடைத்து இடைவெளி பார்த்து மாட்டி, புது ஃபில்டர் போட்டுக்கொண்டு அதே தம்பியிடம் போனேன். 1.8 காட்டியது.

எல்லாமே இவ்வளவு எளிதில் முடியும் என்று சொல்ல மாட்டேன். இரண்டு வருடம் முன்பு சில்க் போர்டு நெரிசலில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. ஒரு கேரேஜில் விட்டேன். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று சொல்லி எஞ்சினைப் பிரித்தார்கள். பழைய கேஸ்கெட்டைக் காட்டுங்கள் என்றபோது "தூக்கிப் போட்டாச்சு சார்" என்று பதில் வந்தது. ஒரு வெள்ளைத்தாளில் கூட்டல் போட்டுக் கொடுத்தார்கள், யு.பி.ஐ.யில் கட்டினேன். ஒரு மாதத்தில் அதே சில்க் போர்டில் முள் மறுபடி ஏறியது. பிறகு தெரிந்துகொண்டது இது: நெரிசலில் மட்டும் சூடேறி, ஓசூர் ரோட்டில் வேகமாக ஓடும்போது சூடு இறங்கினால் ரேடியேட்டர் ஃபேனைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஓடும்போது எதிர்க்காற்றே ஃபேனின் வேலையைச் செய்துவிடுகிறது. ஓடும்போதும் சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு அல்லது வாட்டர் பம்ப். என் வண்டியில் ஃபேனை முடுக்கும் சிறிய சுவிட்ச் செத்திருந்தது, அவ்வளவுதான். போதாததற்கு தெர்மோஸ்டாட்டையும் எடுத்து எறிந்திருந்தார்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும், பெட்ரோலும் தேய்மானமும் கூடும்.

ஹெட் கேஸ்கெட் உண்மையிலேயே போயிருந்தால் அடையாளங்கள் தெரியும். ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் பால் காபிபோலக் கலங்கியிருக்கும், கூலன்ட் வெளியே சொட்டாமலே குறையும், எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காது. குறுகிய தூரமே ஓடும் வண்டியில் குளிர்காலத்தில் மூடியில் மட்டும் லேசாகப் படிவது ஈரம்தான், அதைக் காட்டி எஞ்சினைப் பிரிக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் வெறும் தண்ணீர் இங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தமும் கூலன்ட்டும்தான் கொதிநிலையை உயர்த்துகின்றன. போர்வெல் தண்ணீரை ஊற்றினால் கெட்டிலில் படிகிற அதே உப்பு ரேடியேட்டருக்குள்ளும் படியும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. பீய்ச்சியடிக்கும் கொதிநீர் முகத்தைப் பொசுக்கிவிடும்.

அந்த கேரேஜ் மேல் நான் புகார் கொடுக்கவில்லை. பணம் கட்டியதற்குச் சான்று இருந்தது, எதற்காகக் கட்டினேன் என்று சொல்லும் தாள் இல்லை. இப்போது எங்கே விட்டாலும் வேலை தொடங்கும் முன் எழுத்தில் எஸ்டிமேட், ஜாப் கார்டு, கழற்றிய பழைய பாகங்கள், பாகத்தின் பெயர் போட்ட பில் என்று கேட்டு வாங்குகிறேன். கோபித்துக்கொள்ளும் மெக்கானிக்கிடம் வண்டியை விடுவதில்லை. இல்லாத கோளாறைச் சொல்லிப் பணம் வாங்குவது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு. முதலில் எழுத்தில் கேளுங்கள். சரிவராவிட்டால் 1915 என்ற தேசிய உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கேரேஜ் எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

'வெளியே ஸ்பேர் கிடைக்காது, கம்பெனி சர்வீஸுக்கே வரணும்' என்ற பேச்சையும் தலைவிதி என்று ஏற்க வேண்டியதில்லை. ஷம்ஷேர் கட்டாரியா என்ற தனிமனிதர் கொடுத்த புகாரில் தொடங்கிய வழக்கில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தராமல் முடக்கியது தவறு என்பதே தீர்ப்பு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனாலும் பழுதுபார்க்கும் உரிமை என்ற பேச்சுக்கு இங்கே பலம் கொடுத்தது அந்த உத்தரவுதான். 2022 டிசம்பர் 24 அன்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அந்தப் பெயரிலேயே ஓர் இணையதளத்தையும் திறந்தது, அதில் வாகனங்களும் உண்டு. ஜே.சி. ரோட்டில் ஸ்பேர் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பில் இல்லாமல் 'ஒரிஜினல்' என்று தருவதை வாங்காதீர்கள். போலிப் பொருளை விற்பது சிறைவரை போகும் குற்றம், ஆனால் அதை நிரூபிக்கவும் பில்தான் வேண்டும்.

சிவாஜிநகரில் பழைய எஞ்சினே வாங்கி மாற்றுகிறவர்களும் உண்டு. எஞ்சின் நம்பர் ஆர்.சி.யில் இருக்கிறது. மாற்றினால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.விடம் தெரிவித்துப் பதிய வேண்டும் என்கிறது 52-ம் பிரிவு. எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பதற்குக் காகிதம் இல்லாத எஞ்சினை வாங்காதீர்கள். திருட்டு வண்டியுடையது என்றால் போலீஸ் ஸ்டேஷனில் நிற்பது நீங்கள்தான்.

இப்போது என்னை அதிகம் கவலைப்படுத்துவது பெட்ரோல் குழாய். பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்களின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. மைலேஜ் குறைவதை நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே ஒப்புக்கொண்டது, பழைய கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம் வரை என்று. மைலேஜ் போனால் போகட்டும், ஆனால் குழாய் வெடித்துக் கசியும் பெட்ரோலால் வரும் தீயை அப்படி விட முடியாது. மாதம் ஒருமுறை, எஞ்சின் ஆறியிருக்கும்போது, டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் ஹோசை விரலால் வளைத்துப் பாருங்கள். நுண்ணிய வெடிப்போ, ஊறிப்போன கொழகொழப்போ, ஈரமோ தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டும், எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கி, கிளிப்பையும் சேர்த்து. பெட்ரோல் வாடை அடிக்கும் வண்டியைச் சாவி திருப்பிச் சோதிக்காதீர்கள்.

வீட்டில் கைவைக்கும்போது உயிருக்கே உலைவைப்பவை மூன்று. அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் எஞ்சினை ஓடவிட்டு ட்யூன் செய்வது முதலாவது. அந்த 4.3 சதவீத கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே இல்லை, தலைவலி வருவதற்குள் நேரம் கடந்திருக்கலாம். இரண்டாவது, ஜாக்கியை மட்டும் நம்பியோ செங்கல்லை முட்டுக்கொடுத்தோ வண்டிக்கடியில் படுப்பது. மூன்றாவது பேட்டரி. கழற்றும்போது நெகட்டிவை முதலில், மாட்டும்போது கடைசியில். பேட்டரிப் பக்கத்தில் சிகரெட் கூடாது, அதிலிருந்து வருவது ஹைட்ரஜன். பிரேக்கும் ஸ்டியரிங்கும் வீட்டில் கற்றுக்கொள்ளும் இடமில்லை.

2022 செப்டம்பரில் ஏமலூரிலும் சர்ஜாபூர் ரோட்டிலும் பேஸ்மென்ட்டுகள் மூழ்கியது நினைவிருக்கும். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் போன நீர் நசுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று சாதாரண பாலிசியில் க்ளெய்மையும் மறுப்பார்கள். போட்டோ எடுத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் கொடுத்து, இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். மறுப்பு நியாயமில்லை என்று தோன்றினால் முதலில் கம்பெனிக்கே எழுத வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் ஜே.பி. நகரில் இருக்கும் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம்.

வடித்த ஆயிலை சாக்கடையில் ஊற்றும் பழக்கம் எங்கள் தெருவிலும் இருந்தது. இந்த ஊரில் ராஜகாலுவே எனப்படும் மழைநீர்க் கால்வாய்கள் எல்லாம் ஏரிக்குத்தான் போகின்றன. பெல்லந்தூர் ஏரி நுரைத்ததையும் எரிந்ததையும் பார்த்த பிறகும் அதைச் செய்யக் கை வரக்கூடாது. கழிவு ஆயில் 2016-ம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவு. கேனில் பிடித்து, மறுசுழற்சிக்குக் கொடுக்கும் கேரேஜில் ஒப்படைத்துவிடலாம். கொடுக்கும் முன் அளந்துவிடுங்கள். போன முறை ஊற்றியதைவிட வடித்தது நன்றாகக் குறைந்து, ஒழுகலும் இல்லாமல், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் நீலப் புகை வந்தால், எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. அடுத்த எமிஷன் டெஸ்டுக்கு முன்பே ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்ல வேண்டிய வண்டி அது.