அரண்மனை இடிந்தது, இலைக்கிளி இருக்கிறது!

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கிளி இருக்கிறது. அதற்கு ஆயுள் ஒரே நாள்!

மாலையில் அது ஆண்டாள் கைக்கு வரும். மறுநாள் இறங்கிவிடும். அன்று மாலை புதுக் கிளி வரும். இலையால் செய்த கிளி அது.

அதே ஊரில் ஓர் அரண்மனையும் இருக்கிறது. கட்டியவர் மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு, உயர்ந்த தூண்களும் வளைவுகளுமாகக் கட்டிய மாளிகை. அதில் இன்று மிச்சம் இருப்பது ஒரு பகுதிதான்.

கிளியோ, இன்றும் மாலைதோறும் வந்துகொண்டிருக்கிறது!

இந்த இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். அப்படியே மேற்கே போனால், காட்டுக்குள் இருக்கும் இன்னொரு கோவிலையும் பார்க்கலாம். அந்தக் காட்டின் வாசலுக்குப் பெயர் செண்பகத்தோப்பு.

கோபுரம் அழைக்கிறது

மதுரையில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 74 கிலோமீட்டர். பஸ்சிலும் போகலாம். விருதுநகர்-தென்காசி ரெயில் பாதையிலும் போகலாம்.

எதில் போனாலும் முதலில் கண்ணில் படுவது கோபுரம்தான். ஊர் இன்னும் வரவில்லை, வயல்தான் தெரிகிறது என்று நினைக்கும்போதே, தென்னை மரங்களுக்கு மேலே கோபுரம் எட்டிப் பார்க்கும்!

உயரம் 192 அடி. 11 நிலைகள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்.

மதுரைக் கோபுரங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இங்கே ஒரு வியப்பு காத்திருக்கிறது. மதுரையில் கோபுரம் முழுக்கப் பொம்மைகள். இங்கே அப்படி இல்லை. சிற்பங்கள் குறைவு. ஒரு நிலைக்கு மேல் இன்னொரு நிலை என்று கோபுரம் ஏறிக்கொண்டே போகிறது. அலங்காரம் இல்லாத அழகு!

தமிழ்நாடு அரசின் முத்திரையில் ஒரு கோபுரம் இருக்கிறது அல்லவா? அது 1949-ம் ஆண்டு வந்த முத்திரை. அதில் இருப்பது எங்கள் கோபுரமே என்று ஸ்ரீவில்லிபுத்தூர் மக்கள் பெருமையாகச் சொல்வார்கள். "இல்லை, அது மதுரையின் மேலக்கோபுரம்" என்று வாதாடுகிறவர்களும் உண்டு. இந்த வழக்கு இன்னும் தீரவில்லை!

1987-ம் ஆண்டு ஸ்ரீரங்கத்தில் 236 அடி உயர ராஜகோபுரம் எழும்பியது. உயரத்தில் அது முந்திக்கொண்டது. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களிடம் இதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

வேடன் பெயரில் ஊர்

ஊருக்குப் பெயர் வந்த கதையும் சுவையானதே.

முன்பு இந்த இடம் முழுவதும் காடு. மல்லி என்ற ராணிக்குச் சொந்தமான நிலம். இங்கே வில்லி, கண்டன் என்று இரண்டு வேடர்கள். அண்ணன் தம்பிகள். ஒருநாள் வேட்டைக்குப் போன இடத்தில் கண்டனைப் புலி அடித்துக் கொன்றுவிட்டது. தம்பியைத் தேடித் தேடிக் களைத்த வில்லி, ஒரு மரத்தடியில் தூங்கிவிட்டான். கனவில் பெருமாள் வந்தார். ஆலமரத்தடியில் தாம் இருப்பதைச் சொன்னார். வில்லி அங்கே கோவில் கட்டினான். காட்டைத் திருத்தி ஊர் ஆக்கினான். வில்லியின் புத்தூர் ஆகையால் வில்லிபுத்தூர்.

கோவிலில் இருக்கும் பெருமாளுக்கு வடபத்ரசாயி என்று பெயர். ஆல் இலையில் பள்ளிகொண்டவர் என்று பொருள். ராஜகோபுரம் இவருடைய கோவிலுக்கு உரியது. பக்கத்தில் ஆண்டாள் கோவில். இடையில் நந்தவனம்.

அந்த நந்தவனத்தில்தான், துளசிச் செடியின் அடியில், பெரியாழ்வார் ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுத்தார் என்பது வரலாறு. அந்தக் குழந்தைதான் ஆண்டாள். பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தானே சூடி அழகு பார்த்தவள். அப்படிப் பார்த்த கிணறு இது என்று கோவிலில் ஒரு கிணற்றைக் காட்டுவார்கள். கண்ணாடிக் கிணறு என்று பெயர். வெளியூரில் இருந்து வரும் பெண்கள் இதைப் பார்க்காமல் போவது இல்லை.

ஆண்டாள் பாடிய திருப்பாவையில் 30 பாட்டு. நாச்சியார் திருமொழியில் 143 பாட்டு. மார்கழி மாத விடியற்காலையில் திருப்பாவை கேட்காத தமிழ் ஊர் குறைவு.

கிளி செய்யும் கை

இனி கிளிக்கு வருவோம்.

மரவள்ளி இலை, நந்தியாவட்டை இலை, மாதுளம்பூ, வாழை நார், மூங்கில் குச்சி. கிளி செய்ய வேண்டியவை இவ்வளவுதான். இலைகள் உடம்பும் இறக்கையும் ஆகும். மாதுளம்பூ மூக்கு ஆகும். செய்து முடிக்கப் பல மணி நேரம் ஆகும். பரம்பரையாக ஒரு குடும்பத்தார் இந்த வேலையைச் செய்து வருகிறார்கள்.

ஒருநாள் செய்த கிளி மறுநாளைக்கு ஆகாது. இலை வாடிவிடும். ஆகவே தினமும் செய்தாக வேண்டும். மழையானாலும் வெயிலானாலும் மரவள்ளி இலை பறிக்க வேண்டும். தகப்பன் செய்வதைப் பார்த்து மகன் கற்றுக்கொள்ள வேண்டும். எங்கேயும் இதை எழுதிவைத்துக் கற்றுக்கொள்ள முடியாது. கைதான் புத்தகம்!

ஆண்டாள் சூடிய மாலைக்கும் பெரிய பயணம் உண்டு. புரட்டாசி பிரம்மோற்சவத்துக்கு அது திருப்பதிக்குப் போகிறது. கருடசேவை அன்று மலையப்ப சாமி அதை அணிகிறார். சித்திரையில் மதுரைக்குப் போகிறது. அழகர் அதைச் சூடிக்கொண்டு வைகையில் இறங்குகிறார். திருப்பதியில் இருந்து ஆண்டாளுக்குப் பட்டு வருகிறது. இங்கிருந்து பூ போகிறது. அங்கிருந்து புடவை வருகிறது. சம்பந்தி வீட்டுச் சீர் போல!

ஆடிப்பூரத்தில் தேர். மிகப் பெரிய தேர். ஒரு காலத்தில் நான்கு வீதியும் சுற்றி நிலைக்கு வரப் பல நாட்கள் ஆகும். இப்போது இரும்புச் சக்கரம் போட்டு இருக்கிறார்கள். ஒரே நாளில் நிலைக்கு வந்துவிடுகிறது.

ராஜா இல்லாத மாளிகை

கோவிலைப் பார்த்த கண்ணோடு அரண்மனைக்குப் போகிறவர்களுக்கு மனம் சற்றே கனக்கும்.

திருமலை நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. மதுரையில் அவர் கட்டிய மகாலை உலகமே வந்து பார்க்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அவருக்கு ஒரு மாளிகை இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. நீண்ட காலம் இந்தக் கட்டடத்தில் கோர்ட்டு நடந்தது. ராஜா உட்கார்ந்த இடத்தில் நீதிபதி உட்கார்ந்தார். அப்படி ஓர் உபயோகம் இருந்ததால்தான் இவ்வளவாவது தப்பியது என்று சொல்ல வேண்டும்.

மதுரை மகாலின் கதியும் இப்படித்தான் ஆகி இருக்கும். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றினார். மாற்றும்போது பாட்டனார் கட்டிய மகாலில் இருந்தே பல பகுதிகளைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்! பிறகு அது பாழடைந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்த்தார். அதனால் மிச்சம் நிற்கிறது.

பழைய கட்டடம் எப்படி இடிகிறது? பீரங்கி வேண்டாம். ஒரு பறவை போதும்.

ஆலம்பழத்தைத் தின்ற பறவை சுவரில் எச்சமிடுகிறது. எச்சத்தில் விதை இருக்கிறது. காரை பெயர்ந்த இடத்தில் விதை முளைக்கிறது. வேர் செங்கல்லுக்கு இடையில் நுழைகிறது. வேர் பருக்கப் பருக்கச் சுவர் பிளக்கிறது. பிளவில் மழைத்தண்ணீர் இறங்குகிறது. சுண்ணாம்பு கரைகிறது. பத்து மழைக்காலம் கேட்பார் இல்லாமல் விட்டால், ராஜா கட்டிய சுவரும் ஆட்டம் கண்டுவிடும். ஆல் இலையில் பெருமாள் பள்ளிகொண்ட ஊரில், ஆல விதைதான் கட்டடத்துக்கு எமன்!

கோவிலிலும் இதே செங்கல்தான். இதே சுண்ணாம்புதான். கோபுரத்திலும் செடி முளைக்கத்தான் செய்யும். ஆனால் பிடுங்க ஆள் இருக்கிறது. 12 ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அந்தச் சாக்கில் சாரம் கட்டுகிறார்கள். பிளவை அடைக்கிறார்கள். வர்ணம் பூசுகிறார்கள். அரண்மனைக்குக் கும்பாபிஷேகம் கிடையாது. ராஜா தமக்குக் கட்டியது தேய்ந்துவிட்டது. கோவிலுக்குச் செய்தது நிற்கிறது.

இப்போது இந்த மாளிகை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. இதைப் போன்ற பழைய சுவர்களில் ஆணியால் தங்கள் பெயரைக் கீறுகிற ஆசை நம்மவர்களுக்கு இன்னும் போகவில்லை. அந்தக் கீறலிலும் தண்ணீர் இறங்கும்.

ராஜாவின் பசி

மதுரை ரோட்டின் ஓரத்தில் சிறு கல் மண்டபங்கள் சில நிற்கின்றன. பஸ்சில் போகிறவர்கள் கவனிப்பது இல்லை. அவற்றுக்கு ஒரு கதை சொல்கிறார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் உச்சிகாலப் பூசை முடிந்த பிறகுதான் மதுரையில் ராஜா சாப்பிடுவாராம். பூசை முடிந்தது என்று எப்படித் தெரியும்? போன் இல்லாத காலம். கோவிலில் மணி அடிக்கும். அடுத்த மண்டபத்தில் இருப்பவன் அதைக் கேட்டு மணி அடிப்பான். அதைக் கேட்டு அதற்கு அடுத்தவன். இப்படியே ஓசை மதுரை வரை போய்ச் சேருமாம். பிறகுதான் இலை போடுவார்கள்!

எந்தக் கோவில் பூசை? ஆண்டாள் கோவில் என்று சிலர் சொல்கிறார்கள். ராஜாவின் வயிற்றுவலியைத் தீர்த்த மடவார்விளாகம் வைத்தியநாத சாமி கோவில் என்று சிலர் சொல்கிறார்கள். ராஜாவின் பசிக்கு இரண்டு கோவில்களும் சொந்தம் கொண்டாடுகின்றன.

தெற்கே 11 கிலோமீட்டர் தள்ளி ராஜபாளையம். அங்கே வேறு மாதிரி ஒரு வீடு உண்டு. சென்னை மாகாண முதல்-மந்திரியாகவும், பிறகு ஒரிசா கவர்னராகவும் இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜாவின் வீடு. அவர் அதைப் பொதுமக்களுக்கே கொடுத்துவிட்டார். அது காந்தி கலை மன்றம் ஆயிற்று.

காட்டுக்குள் அழகர்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே சில கிலோமீட்டர் போனால் செண்பகத்தோப்பு.

மாந்தோப்பும் தென்னந்தோப்பும் முடிகிற இடத்தில் மலை தொடங்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை. அடிவாரத்தில் பளியர் மக்கள் குடியிருக்கிறார்கள். தேன் எடுப்பதில் கெட்டிக்காரர்கள். காட்டின் ஒவ்வொரு பாதையும் அவர்களுக்குப் பாடம்.

வனத்துறைச் சாவடியைத் தாண்டி, காட்டுப் பாதையில் நடந்து, மலை ஏறினால் காட்டழகர் கோவில் வரும். சாமிக்குப் பெயர் சுந்தரராஜப் பெருமாள். மதுரை அழகர் கோவிலைப் போலவே இங்கும் நூபுரகங்கை என்று ஊற்றுத் தண்ணீர் வருகிறது. கூட்டத்தையும் கடைவீதியையும் கடந்து வந்தவர்களுக்கு இங்கே கேட்பது தண்ணீரின் ஓசை மட்டுமே. புரட்டாசி சனிக்கிழமைகளில்தான் கூட்டம் வரும்.

ஆனால் நினைத்த நேரத்தில் போய்விட முடியாது. வனத்துறை அனுமதி வேண்டும். பொழுது சாயும் முன் திரும்பிவிட வேண்டும். மலையில் மழை கொட்டினால் பாதை அடைபடும். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை காட்டாற்றில் வெள்ளமாக வந்துவிடும். "எங்கள் சாமியைக் கும்பிட எங்களுக்குத் தடையா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வந்தவர்கள் கேட்பது நியாயமே.

காட்டுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது.

இங்கே சாம்பல் நிற மலை அணில் வாழ்கிறது. நம் வீட்டு அணில் போல அல்ல. மூக்கில் இருந்து வால் நுனி வரை சுமார் இரண்டரை அடி! தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கர்நாடகத்திலும் சில காடுகள், கடல் கடந்தால் இலங்கை. உலகத்தில் வேறு எங்கும் இது இல்லை. இதற்காகவே 1988-ல் இந்தக் காடு சரணாலயம் ஆனது. 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். கண்டனைக் கொன்ற புலியின் வம்சத்துக்கு, வில்லியின் ஊர்ப் பெயரிலேயே காடு!

இந்த அணில் தரையில் இறங்குவதை விரும்பாது. மரத்துக்கு மரம் கிளை வழியாகவே போகும். கிளைகள் ஒன்றோடு ஒன்று தொட்டுக்கொள்ளும் இடத்தில் கூடு கட்டும். வரிசையில் ஒரே ஒரு புளியமரத்தை வெட்டினாலும் அதன் ரோடு அறுந்துவிடும். பிறகு தரையில் இறங்கத்தான் வேண்டும். இறங்கினால் நாய் பிடிக்கும்.

காட்டை ஒட்டிய தோப்புக்காரருக்கும் கஷ்டம் உண்டு. அணில் மாங்காயைக் கடிக்கும். யானை வந்தால் தென்னையையே சாய்த்துவிடும். ஓராண்டு உழைப்பு ஓர் இரவில் போய்விடும். அப்படி இருந்தும் பழைய புளியையும் மாவையும் வெட்டாமல் விட்டு வைத்திருக்கும் தோப்புகள் இங்கே இருக்கின்றன. அணில் கூடுகளை அந்த மரங்களில் பார்க்கலாம்.

செண்பகத்தோப்புக்குப் போகிறவர்கள் காலையிலேயே போக வேண்டும். பாலிதீன் பையை வீட்டிலேயே வைத்துவிட வேண்டும். குரங்குக்கு வாழைப்பழம் நீட்டக்கூடாது. பிறகு அது ஆளைக் கண்டாலே பையைப் பிடுங்கும். சாவடி தாண்டியதும் பேச்சைக் குறைத்து, தலையைத் தூக்கி நடக்க வேண்டும். கிளை அசைந்தால் நின்று பாருங்கள். சாம்பல் நிறத்தில் நீளமான வால் ஒன்று தொங்கும்.