ஒரே மருந்துதான்... ஆனால் குழந்தைக்குக் குழந்தை ரத்தத்தில் அளவு மாறுவது ஏன்?

திருவொற்றியூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அக்காவுக்கு 9 வயது, தம்பிக்கு 2. இருவருக்கும் பிறப்பிலேயே ஹெச்.ஐ.வி. தொற்று. இருவரும் ஒருவேளைகூடத் தவறாமல் ஏ.ஆர்.டி. மருந்து எடுக்கிறார்கள். அக்காவின் ரத்தத்தில் வைரஸ் அடங்கிவிட்டது; தம்பிக்கு அடங்கவில்லை. "மருந்தை ஒழுங்கா குடுக்கறியாம்மா?" என்ற கேள்விதான் அந்த அம்மாவுக்கு முதலில் வரும். அவர் ஒழுங்காகத்தான் கொடுத்திருப்பார். சிக்கல் வேறு இடத்தில் இருக்கலாம்.

குழந்தை என்றால் பாதி டோஸா?

இல்லை. மருந்தை உடைத்து வெளியேற்றுவது பெரும்பாலும் கல்லீரலில் உள்ள நொதிகள். பிறந்த புதிதில் இவை மெதுவாக வேலை செய்யும். ஆனால் ஒன்றிரண்டு வயதில், உடல் எடையோடு ஒப்பிட்டால், பெரியவர்களைவிட வேகமாக மருந்தை வெளியே தள்ளிவிடும். அடுத்த வேளைக்கு முன்பே அளவு இறங்கினால், அந்த இடைவெளியில் வைரஸ் பெருகும். மருந்துக்கு அடங்காத வகையாகவும் மாறும்.

இதை நம்ம சென்னையிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் குழு, நெவிரபின் மருந்து எடுத்த குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்து 2011-ல் முடிவுகளை வெளியிட்டது. சிறு வயதுக் குழந்தைகளுக்கு மருந்து அளவு குறைவாக இருந்தது. மரபணுவும் ஒரு காரணம். சி.ஒய்.பி. 2பி6 என்ற நொதி சிலருக்குப் பிறவியிலேயே மந்தம். அவர்களிடம் மருந்து தேங்கும். எஃபாவிரென்ஸ் மருந்திலும் இதே கதைதான். தேங்கினால் தலைசுற்றல், கெட்ட கனவுகள்.

இப்போது என்ன மருந்து?

டோலுடெக்ராவிர். மேலே சொன்ன மரபணுவின் பாதிப்பு இதில் பெரிதாக இல்லை. டோஸை வயது அல்ல, எடைதான் முடிவு செய்கிறது. நீரில் கரையும் 10 மி.கி. மாத்திரை என்றால் 6 முதல் 9.9 கிலோ வரை ஒன்றரை, 10 கிலோ தொட்டால் இரண்டு. அதனால்தான் ஒவ்வொரு முறையும் எடை பார்க்கிறார்கள். அந்த வரிசையில் நிற்பது வீண் வேலை இல்லை.

இன்னொரு விஷயம். கரையும் மாத்திரை உடலில் நன்றாக ஏறும். 20 கிலோ குழந்தைக்கு அதில் 30 மி.கி. செய்யும் வேலைக்கு, பெரியவர்களின் மாத்திரையில் 50 மி.கி. தேவை. எனவே மி.கி. கணக்குப் பார்த்து வீட்டிலேயே மாற்றிக் கொடுக்கக் கூடாது.

பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரை?

இதைப் பலரும் யோசிப்பதில்லை. இரும்பும் கால்சியமும் வெறும் வயிற்றில் டோலுடெக்ராவிரோடு சேர்ந்தால், குடலிலேயே அதைப் பிடித்துக்கொள்ளும், ரத்தத்துக்குப் போகாது. ஏ.ஆர்.டி. மருந்தை 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் பின்போ கொடுக்க வேண்டும். பள்ளியில் வாரம் ஒருமுறை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரும்பு மாத்திரை தருகிறார்கள். காலை 7 மணிக்கோ இரவு 8 மணிக்கோ ஏ.ஆர்.டி. கொடுத்தால் பிரச்சினை இல்லை. பள்ளி விட்டு வந்த கையோடு கொடுத்தால்தான் மோதும். அம்மா விடியும் முன்பே காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிற வீடுகளுக்கு இரவு நேரமே வசதி.

குழந்தைக்கு காசநோயும் இருந்தால் கதை மாறும். ரிஃபாம்பிசின், நொதிகளை முடுக்கிவிட்டு டோலுடெக்ராவிரைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும். அப்போது அதே டோஸை ஒரு நாளைக்கு இரண்டு முறை தர வேண்டும்.

ரத்தத்தில் மருந்து அளவைச் சோதிக்க முடியுமா?

ஆய்வுக்கூடங்களில் முடியும், வழக்கமான சிகிச்சையில் இல்லை. அங்கே பார்ப்பது வைரஸ் அளவு: சிகிச்சை தொடங்கி 6-வது மாதம், 12-வது மாதம், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. வடசென்னைக்காரர்களுக்குப் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. குழந்தைகளுக்கு எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. இரண்டிலும் ஏ.ஆர்.டி. மையம் உண்டு, மருந்து இலவசம். சந்தேகம் கேட்க 1097 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. "ஸ்கூலுக்குத் தெரிஞ்சிடுமோ" என்று பயப்படுகிறவர்களுக்கு: சம்மதமில்லாமல் ஒருவரின் ஹெச்.ஐ.வி. நிலையை வெளியிடுவதை 2017-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.