காடு குறையாமலே காணாமல் போவது எப்படி?

100 ஹெக்டேர் காடு ஒன்று சரிசதுரமாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெயில், காற்று, மேயும் மாடுகள் எல்லாம் ஓரத்திலிருந்து 100 மீட்டர் வரை உள்ளே புகுந்து அதன் இயல்பைக் கெடுத்தால், நடுவில் 64 ஹெக்டேர் அசல் காடாக மிஞ்சும். அதே காட்டை நான்கு சதுரத் துண்டுகளாகப் பிரித்து வைத்தால் மிஞ்சுவது 36. பதினாறாக்கினால் வெறும் 4! ஒரு சென்ட் நிலம்கூடக் குறையவில்லை. காடுதான் இல்லை.

இப்படி நிலத்தின் அளவோடு அது கிடக்கும் அமைப்பையும் கணக்கில் எடுக்கும் துறைதான் நிலத்தோற்றச் சூழலியல். விமானத்திலிருந்து எடுத்த படங்களை ஆராய்ந்த ஜெர்மன் புவியியலாளர் கார்ல் ட்ரோல் 1939-இல் இதற்குப் பெயர் வைத்தார்.

தர்மபுரியில் இது ஏட்டுக் கணக்கல்ல. பென்னாகரம், பாலக்கோடு பக்கம் காப்புக்காட்டை ஒட்டியே ராகிக் கொல்லைகள் இருக்கின்றன. கதிர் முற்றும் பருவத்தில் யானைகள் இரவில் இறங்கிவிடும். விவசாயி பரணில் உட்கார்ந்து, பட்டாசு வெடித்து, விடிய விடியக் காவல் காக்கிறார். ஒரே இரவில் மொத்த வெள்ளாமையும் போய்விடுமே என்ற பயம், நியாயமான பயம். அது கள்ள மின்வேலியாக மாறும்போதுதான் விபரீதம். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே அப்படியொரு வேலியில் மூன்று யானைகள் மாண்டன. உடன் வந்த இரண்டு குட்டிகள் பிழைத்தன, தாயில்லாமல்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2022 நவம்பரில், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் காடு காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இங்குள்ள காவிரி வடக்குச் சரணாலயத்தையும் கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயத்தையும் அது இணைக்கிறது. இந்தப் பரப்பைவிட இந்த இணைப்பே பெரிது என்பேன். யானைக்கு வேண்டியது தங்க இடம் மட்டுமல்ல, நடக்க வழியும்தான்.

ஆனால் சரணாலய எல்லையோடு நிலம் முடிந்துவிடுவதில்லை. பட்டா நிலத்து ஓடைக்கரை மரங்களும் உயிர்வேலியும்கூடப் பறவைக்கும் கீரிக்கும் வழிதான். காட்டோர வயல்களில் யானை சீண்டாத மிளகாயைப் போட்டு, ராகியை ஊர்ப்பக்கம் தள்ளிக்கொள்ளலாம். ஒருவர் மட்டும் மாறினால் பயனில்லை. பக்கத்துக் கொல்லையில் ராகி இருந்தால் யானை இவர் வயலை மிதித்துக்கொண்டுதான் அங்கே போகும். ஓரத்து விவசாயிகள் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டிய காரியம் இது. மிளகாய்க்கு விலை கிடைக்காத ஆண்டில் நஷ்டத்தை யார் ஏற்பது என்பதையும் அங்கேயே பேசி முடிக்க வேண்டும்.