அமெரிக்க வீரப் படக்கதைகளில் சாவு என்னும் அதிர்ச்சி உத்தி

மீத்திறன் கொண்ட நாயகர்களைப் பாடும் அமெரிக்கப் படக்கதைகள் பெரும்பாலும் மாத இதழ்களாக வெளிவருவன. சூப்பர்மேன் 1938ஆம் ஆண்டில் தோன்றியவன். எண்பத்தைந்து ஆண்டுகள் கடந்தும் முதுமை எய்தாதவன். இத்தகைய பாத்திரங்களின் உரிமை பொதுவாகப் பதிப்பகத்தாரிடமே உள்ளது. எழுதுவோர் மாறுவர், நாயகன் மாறான். ஆதலின் இக்கதைகளுக்கு முடிவு என்பது இல்லை. முடிவில்லாக் கதையில் வாசகரை அதிரச் செய்வது எவ்வாறு என்னும் வினாவிற்குக் கிடைத்த எளிய விடை சாவு. அவ்விடை மிகுதியாகக் கையாளப்பட்டமையால் இழக்கப்பட்டது யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இவ்வுத்தியின் சிறந்த எடுத்துக்காட்டு 1973ஆம் ஆண்டில் வந்த 'தி அமேசிங் ஸ்பைடர்மேன்' 121ஆம் இதழாகும். ஜெர்ரி கான்வே எழுத, கில் கேன் வரைந்தது. நாயகனின் காதலி குவென் ஸ்டேசியைப் பகைவன் கிரீன் காப்ளின் பாலத்தின் உச்சியிலிருந்து வீழ்த்துகிறான். ஸ்பைடர்மேன் வலையிழையை வீசி அவளைப் பற்றுகிறான். காத்துவிட்டோம் என்ற மகிழ்வுடன் மேலே இழுக்கின்றான், வந்தது பிணம். வீழ்ச்சியே அவளைக் கொன்றது என்கிறான் பகைவன். படமோ வேறொன்று கூறுகிறது. வலை பற்றிய கணத்தில், அவள் கழுத்தருகே முறிவொலியைக் குறிக்கும் சிறு சொல் ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. காக்க வந்த கையே கொன்றதோ என்னும் ஐயத்தை அவ்வொரு சொல் எழுப்பிவிடுகிறது. தொல்காப்பியர் அழுகைக்குரிய நிலைக்களன்களுள் இழவையும், மருட்கைக்குரியவற்றுள் புதுமையையும் வைப்பார். இவ்விதழில் இரண்டும் ஒருங்கே அமைந்தன. நாயகனின் ஆற்றலிலிருந்தே அவனது இழவு பிறந்தது.

பின்வந்தோர் இதிலிருந்து எடுத்துக்கொண்டது சாவை மட்டுமே. 1980இல் எக்ஸ்-மென் கதையில் ஜீன் கிரே தன் பேராற்றலுக்கு அஞ்சித் தன்னைத்தானே அழித்துக்கொண்டாள். அது செறிவான முடிவு. ஆனால் 1986இல், இறந்தவள் அவளல்லள், அவளுருக் கொண்ட வேறோர் ஆற்றல் என்று கூறி அவளை மீட்டனர். 1988இல் பேட்மேனின் துணைவனாகிய ராபின், அதாவது ஜேசன் டாட், வாழ்வதா சாவதா என்பது வாசகரின் தொலைபேசி வாக்கிற்கு விடப்பட்டது. அழைப்பொன்றுக்கு 50 சென்ட் கட்டணம். சாவுக்கு 5,343 வாக்குகள், உயிருக்கு 5,271. எழுபத்திரண்டு வாக்குகளால் ஒரு சிறுவன் மாண்டான். 2005இல் அவனும் மீண்டான்.

1992இல் வந்த சூப்பர்மேனின் சாவில் உத்தி நயம் இல்லை எனல் ஆகாது. இறுதி நான்கு இதழ்களில் பக்கத்திற்கு நான்கு கட்டம், மூன்று, இரண்டு எனக் குறைந்து, முடிவில் பக்கத்திற்கு ஒரே படமாகக் கதை நிற்கிறது; மூச்சடங்குவதைப் பக்க அமைப்பே உணர்த்துகிறது. அவ்விதழைக் கருநிற உறையிலிட்டுத் துயரக் கைப்பட்டையுடன் விற்றனர். பல இலட்சம் படிகள் விற்றன. மறு ஆண்டே நாயகன் திரும்பினான். 2007இல் சுடப்பட்ட கேப்டன் அமெரிக்காவும் 2009இல் தொடங்கிய கதையில் மீட்கப்பட்டான். சாவு நாயகர்க்கு ஒரு விடுப்பாயிற்று. மீள்வான் என்று முன்னரே அறிந்த வாசகனுக்கு இழவும் இல்லை, புதுமையும் இல்லை.

நாயகன் மெய்யாக இறக்க இயலாதாயின் அதிர்ச்சியின் சுமையை வேறு யாரேனும் தாங்கவேண்டும். அச்சுமை பெரிதும் பெண் மாந்தர்மேல் விழுந்தது. 1994ஆம் ஆண்டுக் கிரீன் லான்டர்ன் 54ஆம் இதழில், அறிமுகமாகிச் சில மாதங்களே ஆன அலெக்சாண்ட்ரா டிவிட்டைப் பகைவன் கொன்று, காதலன் காணுமாறு குளிர்பதனப் பெட்டியில் திணித்து வைக்கிறான். அவளைப் பற்றி வாசகர் அறிந்துகொள்ளுமுன் அவள் சினத்திற்கு ஓர் ஏதுவாக மட்டுமே ஆகிவிட்டாள். கெயில் சிமோன் என்னும் வாசகர் 1999இல், இவ்வாறு கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட, ஆற்றலிழந்த பெண் மாந்தரைத் தொகுத்துப் பட்டியலிட்டார். அப்பட்டியலுக்கு இக்குளிர்பதனப் பெட்டியையே பெயராக்கினார். பட்டியலின் நீளமே திறனாய்வாயிற்று.

அதில் இடம்பெற்றவர்களுள் பார்பரா கார்டன் தனித்துக் கருதத்தக்கவள். ஆலன் மூர் எழுதிய 'தி கில்லிங் ஜோக்' (1988) நூலில் ஜோக்கர் அவளைச் சுடுகிறான். அவள் தந்தையாகிய காவல்துறை ஆணையரின் மனத்தைச் சிதைப்பதே அவன் நோக்கம். அவள் வெறும் கருவி. ஆயினும் ஜான் ஆஸ்ட்ரான்டர், கிம் யேல் இருவரும் 1989 முதல் அவளைச் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே செய்தி திரட்டி நாயகர்க்கு வழிகாட்டும் 'ஆரக்கிள்' ஆக்கினர். குண்டு பாய்ந்த மறுநாள் அவள் என் செய்வாள் என்னும் வினாவை அவர்கள் எழுப்பினர்; அதிர்ச்சியை நாடியோர் எழுப்பாத வினா அது. பின்னர் எழுத்தாளராகிய சிமோனும் ஆரக்கிளை முதன்மை மாந்தராக வைத்துப் பல இதழ்கள் எழுதினார். 2011இல் பதிப்பகத்தார் தம் கதையுலகை முழுதும் புதுக்கியபோது பார்பரா மீண்டும் எழுந்து நடந்தாள். அக்கதையை எழுதியவரும் சிமோனே. உடற்குறையுடைய வாசகர் பலர் தம்மவள் ஒருத்தியை இழந்ததாக வருந்தினர்.