விதைக்கடலை உடைக்கும் மாலைப் பொழுது

மானாவாரி நிலக்கடலை பயிரிடும் வீடுகளில் ஆடிப்பட்டம் நெருங்கியதும் திண்ணையில் காய்க் குவியல் வந்து இறங்கும். விதைக்கான காயை இயந்திரத்தில் உடைத்தால் பருப்பு பிளவுபடும், மேல்தோல் உரியும். இரண்டும் முளைப்பைக் கெடுக்கும். ஆகவே கையால் உடைப்பதே நல்லது. பருப்பாக வைத்திருந்தால் முளைப்புத் திறன் விரைவில் குறையும் என்பதால், விதைப்புக்கு ஒரு வாரம் இருக்கையில் உடைத்தால் போதும். இந்த ஒரு வார மாலைப் பொழுதைப் பெற்றோர் வீணாக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளோடு பொழுதைக் கழிப்பதென்றால் வெளியூர் கூட்டிப்போக வேண்டும், அதற்குக் கையில் பணம் வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். பகலெல்லாம் வயலில் நின்றுவிட்டு வந்து, பிள்ளை ஒரு மூலையில் கைப்பேசியோடும் தாங்கள் இன்னொரு மூலையில் அசதியோடுமாகப் படுத்துவிடுகிறார்கள். நிலத்தைப் பற்றித் தகப்பனும் தாயும் அறிந்தது பிள்ளைக்குப் போய்ச் சேர்வதே இல்லை. காய் உடைக்கும்போதோ கைக்கு மட்டும்தான் வேலை. பள்ளியில் நடந்ததைப் பிள்ளை சொல்லலாம். போன வருடம் மழை ஏமாற்றிய கதையைத் தகப்பன் சொல்லலாம். ஆனால் "இத்தனை படி உடைத்தால்தான் எழுந்திருக்கலாம்" என்று கணக்கு வைத்துவிடக் கூடாது. கூலி மிச்சம் என்று பார்த்தால் மறுநாள் பிள்ளை பக்கத்திலேயே வராது. அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு விளையாடப் போனாலும் போகட்டும்.

பருப்பைத் தரம் பிரிப்பது பிள்ளைகளுக்குப் பிடித்தமான காரியம். சுருங்கியது, உடைந்தது, நிறம் மாறியது, பூசணம் பிடித்தது ஆகியவற்றைத் தனியே ஒதுக்கச் சொல்லலாம். பூசணம் பிடித்த பருப்பை வாயில் போடக்கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் செத்ததற்குக் கடலைப் பிண்ணாக்கிலிருந்த பூசண நஞ்சே காரணம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் முழுப் பருப்பைக் கொடுப்பதும் ஆபத்து. மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது முளைப்புச் சோதனை. ஒதுக்கியது போக மீதியிலிருந்து 100 பருப்பை, பொறுக்காமல், கைக்கு வந்தபடி பிள்ளையே எண்ணி எடுக்கட்டும். ஈரச் சாக்கில் வரிசைக்குப் பத்தாகப் பரப்பி, தளர்வாகச் சுருட்டி நிழலில் வைத்து, ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்துவர வேண்டும். ஐந்தாம் நாளும் பத்தாம் நாளும் நன்றாக முளைத்தவற்றை எண்ண வேண்டும். சோதனைக்குப் பத்து நாள் தேவைப்படுவதால், இதற்கு மட்டும் ஒரு படி காயை முன்கூட்டியே உடைத்துக்கொள்ளலாம். சான்று விதைக்கு 70 சதவீத முளைப்பு இருக்க வேண்டும் என்பது விதி. அதற்குக் கீழே போனால் வேறு விதை தேடுவதே மேல். ஏக்கருக்கு ஏறத்தாழ 50 கிலோ பருப்பு பிடிக்கும் பயிரில் இது சின்ன விஷயமல்ல. வீட்டின் பெரிய செலவொன்றைப் பிள்ளையின் எண்ணிக்கை தீர்மானிக்கிறது. சதவீதக் கணக்கும் அதற்குப் புரிந்துவிடுகிறது.

விதை நேர்த்தி செய்யும்போது மட்டும் பிள்ளைகள் அருகில் இருக்கக் கூடாது. மருந்து கலந்த விதை அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

வீட்டை ஒட்டி, மருந்து தெளிக்காத இடத்தில், மருந்து கலக்காத பத்து விதையைப் பிள்ளையின் பெயரில் ஊன்றலாம். சுமார் ஒரு மாதத்தில் மஞ்சள் பூ வரும். காலையில் மலர்ந்த பூ அன்றே வாடிவிடும். சில நாளில் அந்த இடத்திலிருந்து விழுது கிளம்பி மண்ணை நோக்கி இறங்கும். மேலே பூத்துக் கீழே காய்க்கும் அதிசயத்தைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு, 40-45ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைப்பது ஏன், அதன் பிறகு செடியை அசைக்கக் கூடாது என்பது ஏன் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

அறுவடையன்று அந்தப் பத்துச் செடியையும் பிள்ளையே பிடுங்கி, செடிக்கு எத்தனை காய் என்று எண்ணி நோட்டில் எழுதட்டும். அதிகம் காய்த்த செடியின் முற்றிய காய்களை நன்றாகக் காயவைத்து ஒரு துணிப்பையில் முடிந்து, அடுத்த பட்டத்துக்குத் தனியே எடுத்து வைக்கலாம்.